எம்.பி.யின் ஆண்டுக் கடிதத்தில் எந்த வரியை நம்புவது, எதற்குப் பதில் எழுதுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பெண் எடுத்து, இரண்டு ஆண்டாக இங்கேயே வேலை பார்க்கும் ஒரு தமிழ்நாட்டுத் தம்பி கேட்டிருக்கிறார். மனைவியின் பெரியம்மா வீட்டுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமிருந்து 2025-க்கான நான்கு பக்க ஆண்டு இறுதிக் கடிதம் வந்திருக்கிறதாம். வாட் வரி உயர்வைத் தடுத்தது, மின்வெட்டை முடித்தது, தண்ணீர்க் குழாய், போலீஸ் விசாரணை, தமிழ்ப் பாடம், காவடியில் எடுத்த படம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. “எங்கள் ஊரில் தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ., அவர் என்ன செய்தார் என்று டீக்கடையிலேயே தெரிந்துவிடும். இங்கே இதில் எது இவர் செய்தது? வீட்டு முன் தெருவிளக்கு ஜூலையிலிருந்து எரியவில்லை, பேத்தியின் பள்ளியில் தமிழை நிறுத்திவிட்டார்கள். இரண்டையும் எழுதிப் பதில் போடச் சொல்கிறார் பெரியம்மா. போட்டால் நடக்குமா?”

ஒன்றுக்கு நடக்கலாம், இன்னொன்றுக்கு நடக்காது. ஏன் என்பது கடிதத்தைச் சரியாகப் படித்தால் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கடிதங்களை நானும் எழுதியவன். ஒரு கட்சியின் தொகுதி அலுவலகத்தில் இரண்டு ஆண்டு பகுதிநேர வேலை. எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். நவம்பர் கடைசியில் உறுப்பினர், நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுனிலிருந்து போன் செய்வார்: “நாலு பக்கம், படம் பெரிதாக.” கூட்டக் குறிப்பு, செய்தித்தாள் துண்டு, ஃபேஸ்புக் பதிவு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அந்த ஆண்டு நடந்த நல்லதையெல்லாம் ஒரே சொல்லில் கட்டுவேன். கடிதம் ஆங்கிலத்தில்தானே? ‘வீ’ (we) என்ற சொல் போதும். தமிழில் எழுதினால் நாமா, நாங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். நாங்கள் என்றால் உறுப்பினரா, கட்சியா, அரசாங்கமா, ஊர்ச் சங்கமா என்று அடுத்த கேள்வி வரும். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் ஆயாவுக்கு அந்தக் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்ல உட்கார்ந்த அன்றுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே புரிந்தது. ஒவ்வொரு வரியிலும் “யாருடா நாங்க?” என்று கேட்டார்.

பெரியம்மாவிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, ‘வீ’ வரும் இடமெல்லாம் கோடு போடச் சொல்லுங்கள்.

இப்போது தொகுதி விஷயம். தமிழ்நாட்டில் 234 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. இங்கே தேசியச் சட்டமன்றத்தில் 400 இடங்கள், பாதி மாகாணவாரிப் பட்டியல், பாதி நாடு முழுவதற்குமான கணக்கு. நாம் கட்சிக்குக் குத்துகிறோம். கட்சி வாங்கிய வாக்கின் விகிதத்துக்கு ஏற்ப அதன் பட்டியலில் மேலிருந்து பெயர்கள் உள்ளே போகின்றன. 2023-இல் சட்டத்தைத் திருத்தியதால் சுயேச்சைகளும் நிற்கலாம் என்றானது. 2024 மே 29 தேர்தலில் நின்றார்கள், ஒருவரும் உள்ளே போகவில்லை. ஆகவே ‘சாட்ஸ்வொர்த் எம்.பி.’ என்று சட்டப்படி ஒருவர் கிடையாது. தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு கட்சியும் தன் ஆட்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுக்கிறது. அலுவலகம் நடத்த நாடாளுமன்றம் தரும் பணமும் கட்சி வழியாகத்தான் வருகிறது. ஒரே பகுதியை மூன்று நான்கு கட்சிக்காரர்கள் தங்களுடையது என்று வைத்திருக்கலாம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது: ஒருவர் பதில் போடாவிட்டால் அடுத்தவரிடம் போகலாம், யாரும் “நீ என் தொகுதி இல்லை” என்று சொல்ல முடியாது.

பெரியம்மா வயதுக்காரர்கள் இன்னும் “நம்ம எம்.பி.” என்று சொல்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1984-இல் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தை மூன்று அவையாக்கி, இந்தியர்களுக்கு ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் என்று ஒன்றைக் கொடுத்தது. 45 இடங்களில் 40-க்குத் தொகுதிவாரித் தேர்தல். கறுப்பின மக்களை அடியோடு வெளியே நிறுத்திவிட்டு நடந்த அந்தத் தேர்தலை நம்மவர்களில் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். ஆனாலும் அதில் ஜெயித்தவருக்கு ஒரு தொகுதி இருந்தது, வீடு எங்கே என்று தெரியும், வாசலில் போய்ச் சத்தம் போடலாம். என் தாத்தா அந்த அவையை வாய்க்கு வந்தபடி திட்டுவார். ரேட்ஸ் (வீட்டு வரி) பில் தகராறு வந்தபோது அந்த வாசலுக்குத்தான் போனார். 1994-க்குப் பிறகு வாக்கு எல்லாருக்கும் கிடைத்தது, அந்த வாசல் மட்டும் இல்லாமல் போனது.

சரி, கடிதத்துக்கு வருவோம். வாட் வரிதான் இந்த ஆண்டின் பெரிய பாரா. எந்தக் கட்சியின் 2025 கடிதத்தைப் பிரித்தாலும் “வரி உயர்வை நாங்கள் தடுத்தோம்” இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி 19 அன்று நிதியமைச்சர் எனோக் கொடொங்வானா பட்ஜெட் வாசிக்க வேண்டும். வாட்டை 15-லிருந்து 17 சதவீதமாக்கும் யோசனைக்கு ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்து, அன்றைக்கு வாசிப்பு தள்ளிப்போனது. 1994-க்குப் பிறகு இப்படி நடந்ததே இல்லை. மார்ச் 12 அன்று வந்த இரண்டாவது பட்ஜெட்டில் இந்த ஆண்டு அரை சதவீதம், அடுத்த ஆண்டு அரை சதவீதம் என்றார்கள். ஏப்ரல் 2 அன்று அதன் வரவு செலவுச் சட்டகம் சபையில் 194-க்கு 182 என்று நிறைவேறியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 24 அன்று, அமலாவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அமைச்சரே திரும்பப் பெற்றார். மே 21 அன்று மூன்றாவது பட்ஜெட் வந்தது. வாட் 15-இலேயே நின்றது.

இதில் ‘தடுத்தது’ யார்? எதிர்த்து வாக்களித்த 182 பேரும் சொல்லிக்கொள்ளலாம். வழக்குப் போட்டவர்கள் சொல்லலாம். ஆதரித்து வாக்களித்துவிட்டு, பின்னாடி பேசித் திருத்தினோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால் பெரியம்மா கேட்க வேண்டியது, “ஏப்ரல் 2 அன்று நீங்கள் எந்தப் பக்கம்?” என்பது ஒன்றுதான்.

கடிதம் சொல்லாமல் விட்டதையும் பாருங்கள். வாட் போய்விட்ட இடத்தில் மே பட்ஜெட் எரிபொருள் வரியைக் கூட்டியது. ஜூன் 4 முதல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 16 சென்ட், டீசலுக்கு 15. மூன்று ஆண்டாக ஏறாமல் இருந்த வரி அது. டாக்ஸிக் கட்டணத்திலும் காய்கறி லாரியிலும் அது வரும், ரசீதில் மட்டும் தெரியாது. இன்னொன்று: வாட் உயர்ந்தால் ஏழைகளுக்கு ஈடாக டின்னில் அடைத்த காய்கறி போன்ற சில பொருள்களையும் வரியில்லாப் பட்டியலில் சேர்ப்பதாக இருந்தது. உயர்வு போனதும் அந்தச் சலுகையும் போனது. அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய், முட்டை, பால், பச்சைக் காய்கறி, பழுப்பு ரொட்டி, மக்காச்சோள மாவு, பில்ச்சர்ட் டின் மீன் இவற்றுக்கு ஏற்கெனவே வாட் கிடையாது. கோயில் அன்னதானத்துக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கு இது மனப்பாடம். மற்றதில் பெரும்பாலானவற்றுக்குத்தான் 15. “குடும்பங்களைக் காப்பாற்றினோம்” என்ற வரியை இந்த அளவில் வைத்துப் பார்த்தால் போதும்.

மின்சாரம். “மின்வெட்டு முடிந்தது” என்பது பெரும்பாலும் உண்மை. 2024 மார்ச் 26-லிருந்து 2025 ஜனவரி 31 வரை, பத்து மாதத்துக்கு மேல், லோட்ஷெட்டிங் இல்லை. அதற்குப் பிறகும் சில நாள்தான். ஆனால் அது அரசு மின் நிறுவனமான எஸ்காமின் பழைய அனல் நிலையங்களைப் பராமரித்ததாலும், குசிலே அனல் நிலையத்திலும் குபர்க் அணு நிலையத்திலும் யூனிட்டுகள் வந்து சேர்ந்ததாலும், வசதி உள்ளவர்கள் கூரையில் சோலார் போட்டுக்கொண்டதாலும் நடந்தது. எந்த எம்.பி.யும் அங்கே போய் பாய்லரைத் திருகவில்லை. உங்கள் தெருவில் இன்னும் கரண்ட் போகிறது என்றால் அது வேறு சங்கதி. கேபிள் திருட்டு, பழைய துணைமின் நிலையம் எல்லாம் டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. எஸ்காம் மொத்தமாகக் கொடுக்கும், மாநகராட்சி வீட்டுக்குக் கொண்டு வரும். விலைக்கு மூன்றாவது ஆள், நெர்சா என்ற ஒழுங்குமுறை ஆணையம். 2025-இல் எஸ்காம் 36 சதவீதம் கேட்டது, நெர்சா 12.7 கொடுத்தது. அதற்கு முன் பொது விசாரணை வைத்தார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசியிருக்கலாம். உங்கள் எம்.பி. பேசினாரா என்று கடிதத்தில் தேடுங்கள். பேசியிருந்தால் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பார்.

தண்ணீரும் இதே கதைதான். அணையிலிருந்து சுத்திகரித்துத் தருவது உம்ங்கேனி-உதுகேலா வாட்டர், மத்திய அமைச்சரின் கீழ் வரும் அரசு நிறுவனம். வீதிக் குழாய் மாநகராட்சியினுடையது. எதெக்வினிக்கு வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் பில் ஆகாமலே போகிறது, ஒழுகலிலும் திருட்டு இணைப்பிலும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் கிடந்தது நினைவிருக்கும். அப்போது நாடாளுமன்றத்திலும் மாகாணச் சட்டமன்றத்திலும் கேள்விகள் எழுந்தன, மராமத்துக்கு எவ்வளவு, எப்போது என்று. கேள்வி கேட்டவர் குழாயைப் பொருத்தவில்லை. ஆனால் அமைச்சர் வாயால் ஒரு தேதியை வாங்கிவிட்டால், அந்தத் தேதியை வைத்து ஊர்க்காரர்கள் சண்டை போடலாம். எம்.பி. வேலை என்பது பெரும்பாலும் இதுதான், அதிகாரம் உள்ளவனிடம் எழுத்தில் ஒரு தேதியை வாங்குவது.

சாலைப் பாராவை வேகமாகத் தாண்டலாம். என்3, என்2 என்றால் தேசிய நெடுஞ்சாலை நிறுவனம் சன்ரால். ஹிகின்சன் ஹைவே போன்றவை மாநகராட்சி. படம் எடுத்துக்கொண்டவர் யாராக இருந்தாலும் சரி.

காவடிப் படம், தீபாவளிப் படம், நவம்பர் 16 விழாப் படம் மூன்றையும் பற்றி ஒரு வார்த்தை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்று 2025-இல் 165 ஆண்டு. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த எண் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். நானே மூன்று தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். விழாவுக்கு வருவது தப்பில்லை, வராவிட்டால்தான் நாம் கோபித்துக்கொள்கிறோம். ஆனால் மாலை போட்டுக்கொண்ட படம் எத்தனை என்று எண்ணி, அதைவிடக் கேள்வி எண்கள் குறைவாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் விஷயத்தில் உருப்படியாகக் கேட்க ஒன்று உண்டு: 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ பாரம்பரியச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும், நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் அதைக் கொடுப்பது அமாஃபா என்ற பாரம்பரிய அமைப்பு. கரும்புத் தோட்டக் காலத்துத் தகரக் கோயில்களைக் கான்கிரீட்டாக மாற்றத் துடிக்கும் நிர்வாகக் குழுக்கள் பலருக்கு இது தெரியாது. அந்த விண்ணப்பத்தில் உதவிய எம்.பி. யாராவது இருந்தால், அவருக்கு நானே மாலை போடுவேன்.

தமிழ்ப் பாடம். இதுதான் பேத்தியின் விஷயம், இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கடிதத்தில் “அரசியல் சட்டத்தில் தமிழின் இடத்தைப் பாதுகாக்கப் பாடுபடுகிறோம்” என்று எழுதியிருக்கிறதாம். 1996-இல் எழுதிய சட்டத்தின் ஆறாவது பிரிவிலேயே தமிழ் இருக்கிறது, யாரும் எடுக்க வரவில்லை. இருக்கும் விதம்தான் முக்கியம். ஆட்சிமொழிகள் 11, 2023-இல் சைகை மொழியைச் சேர்த்து 12. தமிழ் அதில் இல்லை. ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம், தெலுங்கு, உருது இவற்றோடு, சமூகங்கள் பேசும் மொழிகள் என்று தனியாக வைத்து, இவற்றை வளர்த்து மதிப்பை உறுதி செய்ய வேண்டியது பான்சால்ப் என்ற மொழி வாரியத்தின் கடமை என்கிறது சட்டம். ‘கடமை’ என்ற அந்தச் சொல் நமக்குச் சாதகம். அந்த வாரியம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிறது. தமிழுக்கு இந்த ஆண்டு என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று ஒரு எம்.பி. எழுத்தில் கேட்டால் அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டேன் என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்தக் கடிதத்தை நான் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

பேத்தியின் பள்ளியில் நிறுத்தியது வேறு படிக்கட்டு. பாடத்திட்டம் மத்திய அரசுடையது, பள்ளியும் ஆசிரியர் பணியிடமும் மாகாணக் கல்வித் துறையுடையது, எந்த மொழிகள் கற்பிப்பது என்ற கொள்கையை எழுதுவது பள்ளியின் ஆட்சிக்குழு. 2024 செப்டம்பர் 13 அன்று ஜனாதிபதி சிரில் ராமபோசா கையெழுத்திட்ட பெலா என்ற கல்விச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கொள்கை மாகாணத் துறைத் தலைவரின் ஒப்புதலுக்கும் போக வேண்டும். நடைமுறையில் நடப்பது இப்படி: தமிழ் டீச்சர் ஓய்வு பெறுவார், இடம் நிரப்பப்படாது, இரண்டு ஆண்டு கழித்துப் பாடம் கால அட்டவணையிலிருந்து ஓசையில்லாமல் போய்விடும். யாரும் ‘நிறுத்தினோம்’ என்று முடிவெடுத்திருக்க மாட்டார்கள். எனவே முதலில் போக வேண்டியது ஆட்சிக்குழுவுக்கு, பத்துப் பெற்றோர் கையெழுத்தோடு. ஒருவராகப் போனால் “பார்க்கிறோம்” என்பார்கள். அங்கே பதில் எழுத்தில் வாங்கிக்கொண்டு மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக வேண்டும், அதாவது மாகாணச் சட்டமன்ற உறுப்பினரிடம். அங்கே 80 இடங்கள். 2024 தேர்தலில் எம்.கே. கட்சிக்கு 37 கிடைத்தது, அப்போது ஆட்சி அமைத்த நான்கு கட்சி சேர்ந்து 41, என்.எஃப்.பி. என்ற சிறு கட்சியின் ஒற்றை இடம் உட்பட. இப்படி நூலில் தொங்கும் சபையில் ஒவ்வொருவர் கேள்விக்கும் மதிப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

போலீஸ் பாரா. 2025 ஜூலை 6 அன்று நம் மாகாணப் போலீஸ் கமிஷனர் ந்லான்லா ம்க்வனாசி செய்தியாளர்கள் முன் உட்கார்ந்து, குற்றக் கும்பல்கள் போலீசுக்குள்ளும் நீதித் துறைக்குள்ளும் புகுந்துவிட்டன என்றும், அரசியல் கொலைகளை விசாரித்த குழுவைக் கலைக்க அமைச்சர் சென்சோ ம்சூனுவே உத்தரவிட்டார் என்றும் குற்றம் சாட்டினார். அமைச்சர் விடுப்பில் அனுப்பப்பட்டார். ஜனாதிபதி நியமித்த மட்லாங்கா ஆணையம் செப்டம்பரில் விசாரணையைத் தொடங்கியது. நாடாளுமன்றம் தனியாக ஒரு சிறப்புக் குழு வைத்தது. “விசாரணையில் உண்மையைக் கொண்டு வருகிறோம்” என்று கடிதம் சொன்னால், உங்கள் உறுப்பினர் அந்தச் சிறப்புக் குழுவில் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அவர் சாட்சிகளிடம் கேட்டதெல்லாம் காணொளியாக இருக்கிறது. சிலர் நன்றாகக் குறுக்கு விசாரணை செய்தார்கள், சிலர் கேமராவுக்காகச் சத்தம் போட்டார்கள். பத்து நிமிடம் பார்த்தால் எது எது என்று பெரியம்மாவுக்கே தெரிந்துவிடும், அவர் எத்தனை சீரியல் பார்த்தவர்!

அப்படியானால் எம்.பி. செய்யும் உண்மையான வேலை கடிதத்தில் எங்கே இருக்கும்? மூன்றாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில். எழுத்துக் கேள்விகளுக்கு என்.டபிள்யூ. என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. பத்து வேலைநாளுக்குள் அமைச்சர் பதில் தர வேண்டும் என்பது விதி, தாமதமாகும், ஆனாலும் வரும். பிறகு குழு வேலை. மசோதாவில் ஒரு வார்த்தையை மாற்றுவதெல்லாம் குழுவில்தான், சபையில் பேசுவது பெரும்பாலும் பதிவுக்காக. எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார், என்ன கேட்டார் என்பதைப் பி.எம்.ஜி. என்ற கண்காணிப்பு அமைப்பு 1995-லிருந்து எழுதி வைத்து இலவசமாகக் கொடுக்கிறது. உறுப்பினரின் பெயரைத் தேடினால் வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள் எல்லாம் வரும். நான் அலுவலகத்தில் இருந்தபோது இதைத் தேடிப் பார்த்துவிட்டு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எங்கள் கடிதத்துக்குச் சிவப்பு மையில் மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்பினார். நூற்றுக்கு 35. அடுத்த ஆண்டு கேள்வி எண்களை முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்தோம்.

கடிதத்தில் வரவே வராத வேலையும் ஒன்று உண்டு. கரும்புத் தோட்டத்தில் பிறந்த ஒரு பாட்டிக்கு, பதிவு செய்த குமாஸ்தா காதில் விழுந்தபடி பெயரை எழுதி, பிறந்த ஆண்டையும் தள்ளிப் போட்டுவிட்டார். 60 வயதில் வர வேண்டிய முதியோர் பென்ஷன் அதனால் நின்றுபோனது. ஓர் அரசு அலுவலகம் கோயில் பதிவேட்டை ஒத்துக்கொள்ளாது, இன்னொன்று பள்ளிச் சான்றிதழ் கேட்கும், பாட்டி பள்ளிக்கே போனதில்லை. ஒன்பது கடிதம், பதினோரு மாதம். உறுப்பினர் தானே இரண்டு தடவை போன் செய்தார். கடைசியில் திருத்தம் வந்தது. பாட்டி ஒரு டப்பா முறுக்கோடு அலுவலகத்துக்கு வந்தார். அந்த ஆண்டுக் கடிதத்தில் இதை எழுதவில்லை, எழுதவும் கூடாது, அது அவர் சொந்த விஷயம். அந்த இடத்தில் ஒரு நாடா வெட்டும் படம் போட்டோம். பெரியம்மாவுக்கு எம்.பி. எவ்வளவு பயன்படுவார் என்று அறிய, பக்கத்துத் தெருவில் யாருக்காவது அடையாள அட்டை, சாசா என்ற அரசு நிறுவனம் தரும் உதவித்தொகை, ஆஸ்பத்திரி விஷயத்தில் அந்த அலுவலகம் உதவியதா என்று விசாரியுங்கள்.

கடைசிப் பக்கத்தில் “2026 முக்கியமான ஆண்டு” என்று இருக்குமே? உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. போன தடவை 2021 நவம்பர் 1. அடுத்தது 2026 நவம்பர் தொடக்கத்துக்கும் 2027 ஜனவரி கடைசிக்கும் நடுவே. 2021-இல் எதெக்வினியில் 111 வார்டு, 222 கவுன்சிலர். எம்.பி. கடிதத்தில் குழாயும் தெருவும் குப்பையும் இவ்வளவு இடம் பிடித்ததன் காரணம் அதுதான். கட்சியின் கவுன்சிலர் வேட்பாளருக்கு எம்.பி. செலவில் முன்னோட்டம்.

இனிப் பதில் கடிதம். எழுதச் சொல்லுங்கள், ஆனால் தெருவிளக்கை அதில் போட வேண்டாம். போட்டால், அலுவலகத்தில் என்னை மாதிரி ஒருவர் அதை வார்டு கவுன்சிலருக்கு அனுப்பிவிட்டு, கடிதத்தின் மற்ற கேள்விகளையும் “நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது” என்று மூடிவிடுவார். மிக வசதியான வழி அது, நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு விஷயம், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பெரியம்மா பெயரில், தெருப் பெயரோடு, இப்படி:

“உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. தமிழ் பற்றி எழுதியிருந்தீர்கள். அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவுப்படி 2025-இல் தமிழுக்காக என்ன செய்தார்கள், எவ்வளவு செலவிட்டார்கள் என்று மொழி வாரியத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் எழுத்துக் கேள்வி கேட்பீர்களா? கேட்டால் அதன் எண்ணை எனக்கு அனுப்புங்கள். ஏப்ரல் 2 அன்று நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.”

இரண்டாவது கேள்வி ஒரு விஷயம் என்ற என் விதியை மீறுகிறது, தெரியும். ஆனால் பதில் எழுதுகிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார அது உதவும். பள்ளி விஷயத்துக்கு ஆட்சிக்குழு மனு தனி, மாகாண உறுப்பினருக்குக் கடிதம் தனி. எதையும் இப்போது அனுப்பாதீர்கள், டிசம்பர் நடுவில் எல்லா அலுவலகமும் மூடிவிடும், பள்ளியும் லீவு. ஜனவரி மூன்றாவது வாரம் அனுப்பினால், பிப்ரவரியில் நாடாளுமன்றம் கூடுவதற்கு முன் மேசையில் மேலாக இருக்கும். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை இன்னொரு கட்சியின் உறுப்பினருக்கு அனுப்புங்கள், முதலாமவருக்கு நகல் போட்டு.

தெருவிளக்குக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே மாநகராட்சிக்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். கம்பத்தில் எண் எழுதியிருந்தால் போன் செய்யும் முன் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.